உப்புச் சிரட்டையும் உப்புப் பானையும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி வீதியிலே வடக்கு நோக்கிச் செல்வோர், கடலை வலப்புறத்தே கொண்டு சிறிது தூரம் சென்றதும் உப்புவெளியை அடைவர். பெயரிலேயே உப்பைத் தாங்கி நிற்கும் ஊர் இது. இன்று பிறநாட்டாரும் இவ்வூரின் பெயரை அறிந்திருப்பதற்குக் காரணம் இதன் மணற்கரையும் அதனை அடுத்துள்ள விடுதிகளுமே. ஆயினும் பெயர் பெயர்தானே! உப்பைப் பற்றிப் பேச எமக்கு ஒரு தனியுரிமை உண்டென்று நாம் கருதினால் வாசகர்கள் மறுக்கமாட்டார்கள்.

எமது பகுதியின் பழைய அடுக்களைகளிலே உப்புக்கு இரண்டு இருப்பிடங்கள் இருந்தன. ஒன்று, மூலையிலே மூடி வைக்கப்பட்டிருக்கும் உப்புப் பானை. மற்றையது, அடுப்புக்கு அருகே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உப்புச் சிரட்டை. கறி கொதிக்கும் நேரத்தில் எழுந்து சென்று பானையின் மூடியைத் திறந்துகொண்டிருக்க எவருக்கும் பொழுதில்லை. கையை நீட்டினால் சிரட்டை. அதிலே குறைந்தால் பானையிலிருந்து அள்ளி நிரப்பிக்கொள்வார்கள். சிரட்டை கொள்ளுவது ஒரு பிடி உப்பே. ஆயினும் நாள்தோறும் உலையிலும் கறியிலும் விழும் உப்பெல்லாம் அதிலிருந்தே எடுக்கப்படுகிறது. பானையோ பெரிது, ஆனால் அதன் மூடி திறக்கப்படுவது வாரத்தில் ஓரிரு முறைதான்.

இந்த எளிய ஏற்பாட்டையே கணினி விஞ்ஞானிகளும் கையாண்டு வருகிறார்கள் என்றால் சிலர் வியப்படையக்கூடும். பெரியதும் மெதுவானதுமான ஒரு களஞ்சியத்துக்கு முன்னால், சிறியதும் விரைவானதுமான ஒன்றை வைத்து, அடிக்கடி வேண்டப்படுவனவற்றை அதிலே நிறுத்திக்கொள்வதுதான் அது. எமது இல்லத்திலே 2022ஆம் ஆண்டில் இதனைச் செய்துபார்க்கும் அவசியம் நேர்ந்தது. அதனால் நாம் அறிந்துகொண்டவற்றையும், அவ்வேளையில் எமது தாயார் கேட்ட ஒரு கேள்வியையும் இங்கே எழுத விரும்புகிறோம்.

பழைய யந்திரமும் புதிய விலையும்

எமது வீட்டுக் கணினி 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. மற்றொருவர் கையிலிருந்து எம்மிடம் வந்தது. ஆயிரம் கிகாபைற்று கொள்ளும் வன்தட்டு ஒன்று அதற்குள் இருந்தது. கடைக்காரர்கள் ‘ஹாட் டிஸ்க்’ என்பதும், பாடசாலை நூல்கள் வன்தட்டு என்பதும் இதனையே. வாங்கிய காலத்திலே அது எமக்குப் பெரும் பேறாகத் தோன்றியது. வருடங்கள் செல்லச் செல்ல அதன் நடை தளர்ந்தது. காலையில் ஆளியை அழுத்திவிட்டுத் தேநீர் வைத்து அருந்தி முடித்த பின்னரே அதனோடு பேச முடியும் என்ற நிலை வந்தது. 2020ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் இணையத்தின் வழியே நடைபெற்றபோது, ஆசிரியர் பாதிப் பாடத்தை நடத்திய பின்னரே எமது மகள் வகுப்பினுள் நுழைந்த நாட்களும் உண்டு.

2022ஆம் ஆண்டு பிறந்தபோது அவள் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். பழைய வினாத்தாள்கள், பாடக் குறிப்புகள், ஆசிரியர்கள் அனுப்பும் காணொளிகள் யாவும் அந்தக் கணினியிலேதான் இருந்தன. புதியதொன்று வாங்குவோம் என்று நினைத்திருந்த வேளையிலே நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்திலே 360 ரூபா அளவுக்கு ஏறியது. கப்பலேறி வரும் பொருள் எதுவாயினும் அதன் விலையும் உடன் ஏறியது. பட்டினத்துக் கடையிலே விசாரித்தோம். சொல்லப்பட்ட தொகை எமது குடும்பத்தின் பல மாதச் செலவுக்கு ஈடானது. நன்றி கூறிவிட்டுத் திரும்பினோம்.

அந்த வருடத்து நிலைமையை எமது மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். சீனன்குடாவிலே பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகப் பாவனையின்றிக் கிடந்தவை. அத்தகைய பெரிய களஞ்சியங்களுக்கு அயலிலே வாழ்ந்துகொண்டு, சில லீற்றர் எண்ணெய்க்காக நாம் வரிசையில் நின்றோம். களஞ்சியம் பெரிதாயிருப்பது ஒன்று; வேண்டிய வேளையில் வேண்டியது கைக்கு வருவது வேறொன்று. எமது வன்தட்டின் குறையும் அத்தகையதே. அதிலே இடத்துக்குப் பஞ்சமில்லை. எடுத்துத் தருவதிலேதான் தாமதம்.

தட்டிலே இருந்தவை

அந்த வன்தட்டைக் கழற்றி எறிந்துவிட எம்மால் இயலாமைக்கு விலையைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது, கரையோரத்து வீடுகள் பலவற்றிலிருந்து எவையெவையோ போயின. உயிரிழந்த குடும்பங்களின் துயரத்தின் முன்னே பொருளிழப்பைப் பேசுவது முறையன்று. எமது குடும்பத்தில் உயிருக்குச் சேதம் நேரவில்லை. ஆனால் மர அலுமாரியின் கீழ்த்தட்டிலே இருந்த புகைப்படத் தொகுப்புகள் யாவும் உப்புநீரிலே ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தெடுக்க முடியாதவாறு அழிந்தன. எமது பெற்றோரின் திருமணப் படம், தந்தையார் இளமையில் நண்பர்களோடு கோணேசர் மலையடியிலே நின்ற படம், எமது தமக்கையார் ஏடு தொடக்கிய நாளின் படம் எல்லாம் அவற்றுள் அடங்கும்.

பின்னர் பல வருடங்களாக எமது தாயார் உறவினர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டேயிருந்தார். தொரன்டோவிலும் இலண்டனிலும் வாழும் உறவினர்கள், தாங்கள் நாட்டைவிட்டுச் சென்ற காலத்திலே பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன படங்களைத் தேடியெடுத்து, மின்வடிவிலே பிரதி செய்து அனுப்பினார்கள். போனவற்றுள் ஒரு பகுதி இவ்வாறு மீண்டும் எம்மை வந்தடைந்தது. தந்தையாரின் படம் மங்கலாகத்தான் கிடைத்தது, ஆயினும் கிடைத்தது. அவையெல்லாம் அந்த வன்தட்டிலே இருந்தன. ஆகவே கணினியின் வேகத்தைக் கூட்டுவது பற்றி நாம் பேசியபோதெல்லாம், அதனாலே படங்களுக்கு ஏதேனும் நேருமா என்ற அச்சமும் உடனிருந்தது.

அயல்வீட்டு இளைஞர் ஒருவர் அப்போது கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலே கணினி பயின்றுகொண்டிருந்தார். பழுதடைந்த மடிக்கணினி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட, 60 கிகாபைற்று மட்டுமே கொள்ளும் சிறிய திண்மநிலைச் சேமிப்பகம் ஒன்று அவரிடம் இருந்தது. மக்கள் வழக்கிலே இதனை எஸ்.எஸ்.டி. என்பர். “மாமா, உங்களிடம் இருக்கிற சாமான்களை எல்லாம் வைக்க இது போதாது. ஆனால் அடிக்கடி எடுக்கிறவற்றை வைக்கப் போதும்” என்றார் அவர்.

வன்தட்டு ஏன் தாமதிக்கிறது?

இளைஞர் சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ள, வன்தட்டின் வேலைமுறையைச் சிறிது அறிய வேண்டும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

வன்தட்டுக்குள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. எமது கணினியின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது; அதாவது செக்கனுக்கு 120 முறை. எனவே ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8.3 மில்லிசெக்கன் செல்லும். மில்லிசெக்கன் என்பது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. வேண்டிய செய்தி எழுதப்பட்ட இடம் வாசிப்பு முனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஏறக்குறைய 4.2 மில்லிசெக்கன். அதற்கு முன்னர், முனையைத் தாங்கிய கை தட்டின் குறுக்கே நகர்ந்து உரிய வளையத்தை அடைய வேண்டும். அதற்கு ஒன்பது மில்லிசெக்கன் அளவு செல்லும் என்று கொள்வோம். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 13. அதாவது, தட்டின் வெவ்வேறு மூலைகளிலே சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒவ்வொன்றாகத் தேடுமாறு பணித்தால், இந்த யந்திரம் ஒரு செக்கனிலே எழுபத்தைந்து முதல் எண்பது வரையான தேடல்களையே முடிக்கவல்லது.

கணினியைத் தொடக்கும்போது நேர்வது இதுவேதான். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டப்படுகின்றன. ஐயாயிரம் துண்டுகள் என்று வைத்துக்கொண்டால், துண்டுக்கு 13 மில்லிசெக்கனாக 65 செக்கன் தேடுவதிலேயே போய்விடும். திண்மநிலைச் சேமிப்பகத்திலோ சுழலும் தட்டுமில்லை, நகரும் கையுமில்லை. எல்லாம் மின்னணுச் சில்லுகள். ஒரு தேடலுக்கு மில்லிசெக்கனின் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அதே ஐயாயிரம் துண்டுகளும் அரைச் செக்கனிலே வந்துவிடும்.

ஆனால் வன்தட்டை முற்றாக இகழ்ந்துவிடவும் கூடாது. முனை ஒருமுறை உரிய இடத்தை அடைந்துவிட்டால், தொடர்ச்சியாக எழுதப்பட்ட செய்தியை அது செக்கனுக்கு நூறு மெகாபைற்று அளவுக்கு வாசித்துத் தரும். ஒரு திரைப்படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடவிடுவதற்கு அந்த வேகம் தாராளமாகப் போதும். மூட்டையாக வேண்டுபவன் பானையிடம் போகலாம். கிள்ளிக் கிள்ளி வேண்டுபவனுக்கே சிரட்டை.

சிறியது எவ்வாறு போதும்?

ஆயிரம் கிகாபைற்றுத் தட்டுக்கு அறுபது கிகாபைற்றுச் சிரட்டை எவ்வாறு போதும் என்ற ஐயம் எவருக்கும் எழும். எமக்கும் எழுந்தது.

இதற்கு விடை மனிதரின் பழக்கத்திலே இருக்கிறது. ஆயிரம் நூல்கள் உள்ள நூலகத்திலே படிக்கும் மாணவன் ஒருவனின் மேசையிலே எத்தனை நூல்கள் இருக்கும்? நான்கோ ஐந்தோ இருக்கும். இன்று எடுத்த நூலையே நாளையும் எடுப்பான். ஒரு பக்கத்தைப் படித்தவன் அடுத்த பக்கத்தையே பெரும்பாலும் புரட்டுவான். கணினியும் அவ்வாறே நடந்துகொள்கிறது. நாள்தோறும் அதைத் தொடக்கும்போது வேண்டப்படும் கோப்புகள் அவையே. மகள் திறக்கும் பாடக் குறிப்புகளும் அந்த மாதத்துக்குரியவையே. தொரன்டோவிலிருந்து வந்த படங்களைத் தினமும் எவரும் பார்ப்பதில்லை. எனவே எது அடிக்கடி வேண்டப்படுகிறது என்பதை யந்திரமே கவனித்துக் குறித்துக்கொண்டு, அதன் பிரதியைச் சிறிய சேமிப்பகத்திலே வைக்கிறது. இடம் நிறைந்ததும், நெடுநேரம் தொடப்படாதவற்றை அகற்றிப் புதியவற்றுக்கு இடம் கொடுக்கிறது.

இந்த எண்ணம் புதியதன்று. வன்தட்டு முதன்முதலாக 1956ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. அதிலே 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. பாரம் ஒரு தொன்னுக்கு மேல். கொண்டதோ ஐம்பது இலட்சம் எழுத்துகளே. ஓர் இடத்தைத் தேடியடைய அதற்கு அரைச் செக்கனுக்கும் மேலாயிற்று. கணிக்கும் பகுதியின் வேகத்துக்கும் சேமிக்கும் பகுதியின் வேகத்துக்கும் இருந்த இடைவெளி அன்றே விஞ்ஞானிகளை வருத்தியது. 1965ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மோரிஸ் வில்க்ஸ் என்பார், பெரிய நினைவகத்துக்கு முன்னே சிறிய விரைவு நினைவகம் ஒன்றை நிறுத்தும் முறையை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘அடிமை நினைவகம்’ என்று பொருள்படும் பெயரை அவர் அதற்கு இட்டார். 1968ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனத்தாரின் 360 வரிசை 85ஆம் மாதிரி யந்திரம் பற்றிய விவரணத்திலே ‘காஷ்’ என்னும் சொல் இப்பொருளில் வழங்கலாயிற்று. மறைத்து வைத்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழிலே பதுக்கு நினைவகம் என்கிறோம். பதுக்கல் என்ற சொல்லைக் கேட்டாலே அரிசியும் சீனியும் நினைவுக்கு வந்து முகஞ்சுளிக்கும் எமது மக்களுக்கு, நன்மை செய்யும் பதுக்கலும் ஒன்று உண்டு என்பது ஆறுதலாக இருக்கலாம்.

மின்சாரம் நின்ற பின்னரும் எழுதியதை மறவாத சில்லுகளை, ஜப்பானிலே தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த பூஜியோ மசுவோக்கா என்பார் 1980களிலே உருவாக்கி, 1984ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். இன்றைய திண்மநிலைச் சேமிப்பகங்கள் அவருடைய வழியிலே வந்தவை. அவை தொடக்கத்தில் பெருவிலை பெற்றன. ஆதலால் முழுவதையும் அதிலே வைக்க வசதியற்றோர், கொஞ்சத்தை மட்டும் வாங்கி வன்தட்டுக்கு முன்னே நிறுத்தலாம் என்ற யோசனை எழுந்தது. 2011ஆம் ஆண்டிலே இன்டெல் நிறுவனத்தார், தங்கள் தாய்ப்பலகைச் சில்லுகள் சிலவற்றிலே இவ்வசதியைச் சேர்த்தார்கள். 64 கிகாபைற்று வரை பதுக்ககமாகக் கொள்ள அது இடங்கொடுத்தது. 2013ஆம் ஆண்டிலே லினக்ஸ் இயங்குமுறையிலும் இத்தகைய வசதிகள் சேர்க்கப்பட்டன. எமது கணினியின் தாய்ப்பலகை இன்டெல் வசதியை உடையது என்பதை இளைஞர் ஆராய்ந்தறிந்தார். பத்து வருடங்களாக அது எமது வீட்டு மேசையிலே உறங்கிக் கிடந்தது.

தாயாரின் கேள்வி

வேலையைத் தொடங்குமுன் இளைஞர் ஒரு நிபந்தனை விதித்தார். தட்டிலுள்ள படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறொரு தட்டிலே பிரதி செய்து முடித்த பின்னரே கைவைப்பேன் என்றார். உறவினர் ஒருவரிடமிருந்து வெளித்தட்டு ஒன்றை இரவலாகப் பெற்று இரண்டு நாட்களாகப் பிரதி செய்தோம். மார்ச் மாத முடிவிலே நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்திலே இரண்டு நாட் பிரதி என்பது, மின்சாரம் வரும் மணித்தியாலங்களைக் கணக்கிட்டுச் செய்யும் வேலை.

பின்னர் ஒரு தேர்வு எம்முன்னே வந்தது. வாசிப்பதற்குப் பதுக்ககத்தைப் பயன்படுத்துவதிலே சிக்கல் இல்லை. பிரதி சிரட்டையிலே இருக்கும், மூலம் பானையிலே இருக்கும். ஆனால் புதிதாக ஒன்றை எழுதும்போது அதை எங்கே எழுதுவது? இதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது வழியிலே, எழுதப்படுவது வன்தட்டையும் உடனே சென்றடையும். அது முடிந்த பின்னரே வேலை முடிந்ததாகக் கணக்கு. எழுதும் வேகம் ஆகையால் கூடாது. இரண்டாவது வழியிலே, சிறிய சேமிப்பகத்தில் எழுதியவுடனேயே வேலை முடிந்ததென்று யந்திரம் சொல்லிவிடும். ஓய்வு கிடைக்கும்போது அதை வன்தட்டுக்கு மாற்றிக்கொள்ளும். எழுதுவதும் அப்போது விரைவாகும்.

“இரண்டாவது வழியில் வேகம் நன்றாய்க் கூடும், மாமா” என்றார் இளைஞர்.

அதுவரை கதவோரத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த எமது தாயார் தலையை நிமிர்த்தினார். “அப்ப இந்தச் சின்னது பழுதாய்ப் போனால், படங்களும் போயிடுமோ தம்பி?” என்று கேட்டார்.

இளைஞர் சிறிது யோசித்தார். “முதலாவது வழியிலே போகாது ஆச்சி. இரண்டாவது வழியிலே, சின்னதிலே எழுதிப் பெரியதுக்கு இன்னும் போகாதது இருந்தால், அது போகும். சில வேளை பெரியதின் அட்டவணையும் குழம்பிவிடும்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“அப்ப முதலாவதையே செய்” என்று சொல்லிவிட்டுத் தாயார் கீரைக்குத் திரும்பினார்.

கணினியை ஒருபோதும் தொட்டறியாத ஒருவர் கேட்ட அக்கேள்வி, இப்பொருளின் உயிர்நிலையைத் தொட்டுவிட்டது என்பதை நாம் பின்னரே முழுதாக உணர்ந்தோம். திண்மநிலைச் சேமிப்பகத்தின் சில்லுகள் எழுத எழுதத் தேய்பவை. பதுக்ககமாக வேலை செய்யும் சேமிப்பகத்திலே இடைவிடாது எழுதப்படுவதும் அழிக்கப்படுவதும் நிகழ்வதால் தேய்வும் மிகும். வன்தட்டு சாகுமுன் சில வேளைகளில் கடகடவென்று சத்தமிட்டு எச்சரிக்கும். இதுவோ சத்தமின்றி ஒரு கணத்திலே நின்றுவிடக்கூடும். தேய்வுக்கு மிகவும் ஆளாகும் இடத்திலே ஒரே பிரதியை வைத்துவிட்டு உறங்கப் போவது அறிவுடைமையாகாது. பரீட்சை முடிவுகளைக் கணிக்கும் அலுவலகங்களிலும் பெரிய நிலையங்களிலும் இரண்டாவது வழியைக் கையாளுவோர், இரட்டைச் சேமிப்பகங்களையும் மின்கலப் பாதுகாப்பையும் வைத்துக்கொண்டு செய்யலாம். பதினைந்து வயதான மின்விசிறியையே திருத்தித் திருத்திப் பாவிக்கும் இல்லத்துக்கு அவ்வழி உகந்ததன்று.

முதல் நாளும் நான்காம் நாளும்

வேலை முடிந்து கணினியைத் தொடக்கியபோது எல்லோரும் சூழ நின்றோம். முன்னைப் போலவே மூன்று நிமிடத்துக்கு மேல் சென்றது. மகளின் முகம் வாடிற்று. இளைஞர் சிரித்தார். “இன்றைக்குத்தான் அது உங்களைப் பார்த்துப் படிக்கிறது” என்றார்.

அது உண்மையே. பதுக்ககம் முதலிலே வெறுஞ் சிரட்டை. எதை எடுத்து வைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஒருமுறை பானையிலிருந்து எடுத்த பின்னரே, அதன் பிரதி சிரட்டையிலே தங்கும். இரண்டாம் நாள் சிறிது விரைவு தெரிந்தது. நான்காம் நாள் ஒரு நிமிடத்துக்குள்ளே திரை ஒளிர்ந்தது. மகள் வழக்கமாகத் திறக்கும் குறிப்புகள் கேட்டவுடன் வந்தன. இரவு ஒரு மணித்தியாலமே மின்சாரம் கிடைக்கும் நாட்களிலே, தொடங்குவதற்காகச் செலவழிந்த நிமிடங்கள் மிஞ்சியது எத்துணை பெரிய உதவி என்பதை, அக்காலத்திலே பிள்ளைகளைப் படிப்பித்த பெற்றோர் அறிவார்கள்.

ஆயினும் எல்லாம் விரைந்துவிடவில்லை. நெடுநாள் திறவாத படத் தொகுப்பு முன்போலவே தயங்கித் தயங்கி வந்தது. காணொளியைப் பிரதி செய்யும் நேரமும் குறையவில்லை. கணிக்கும் பகுதியும் பழையதே, நினைவகமும் பழையதே. வன்தட்டைத் தேடித் தேடி நின்ற தாமதத்தை மட்டுமே இவ்வேற்பாடு நீக்கியது. கணினியின் வேறொரு உறுப்பிலே குறையிருந்தால், சிரட்டை வைத்து அதைத் தீர்க்க இயலாது.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு சொல்

இதை வாசித்துவிட்டு எவரும் இன்றே இவ்வாறு செய்யப் புறப்பட வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். திண்மநிலைச் சேமிப்பகங்களின் விலை, வன்தட்டோடு ஒப்பிட, 2011ஆம் ஆண்டில் இருந்த நிலையிலிருந்து வெகுவாக இறங்கியிருக்கிறது. இயங்குமுறையையும் அன்றாட வேலைகளையும் முழுவதும் தாங்கத்தக்க அளவில் ஒன்றை வாங்க இயலுமானால், அவற்றை அதிலே நேராக அமைத்துவிட்டு, வன்தட்டைப் படங்களுக்கும் காணொளிகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது எளிய வழி, சிக்கலும் குறைவு. இன்டெல் நிறுவனத்தார் இதே நோக்கத்துக்காக 2017ஆம் ஆண்டிலே கொண்டுவந்த ஒப்டேன் என்னும் தனிவகை நினைவகத்தையும், 2022ஆம் ஆண்டிலே கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் பல வன்தட்டுகளை அடுக்கி வைத்துப் பெருந்தொகையான செய்திகளைக் காக்கும் நிலையங்களிலே, பெரியதற்கு முன்னே சிறியதை நிறுத்தும் முறை இன்றும் நடைமுறையிலே இருக்கிறது. வீட்டுக் கணினியின் கணிக்கும் சில்லுக்குள்ளேயும் அது படிப்படியாக அமைந்திருக்கிறது. பொருள் மாறலாம்; முறை மாறவில்லை.

மாணவர்கள் தங்கள் படிப்பிலும் இம்முறையைக் காணலாம். மீண்டும் மீண்டும் எடுக்கப்படும் பாடமே வேண்டும் நேரத்தில் நாவிலே நிற்கும். ஒருமுறை படித்துவிட்டு மூடிய பாடம் உள்ளே எங்கோ இருந்தாலும், பரீட்சை மண்டபத்திலே தேடியெடுக்கும் நேரத்தில் மணி அடித்துவிடும். பரீட்சைக்கு முந்திய இரவிலே அவசரமாக விழுங்கப்படும் பாடமோ, சிரட்டையிலே எழுதிப் பானைக்குப் போகாத எழுத்துக்கு ஒப்பானது. காலையில் இருக்கும், மாலையில் இராது. எமது மகளுக்கு இதை நாம் சொன்னபோது, “அப்பா, உப்பை விட்டுவிட்டுப் பாடத்தைப் படிக்க விடுங்கள்” என்றாள். அதுவும் நியாயமே. அவள் பரீட்சை எழுதி முடித்தாள். பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியிலே சேர்ந்தாள்.

2024ஆம் ஆண்டிலே ஒருநாட் காலை, கணினி பழையபடி மூன்று நிமிடம் எடுத்தது. மறுநாளும் அவ்வாறே. இளைஞர் வந்து பார்த்துவிட்டு, சிறிய சேமிப்பகம் உயிரிழந்துவிட்டது என்றார். சத்தமுமில்லை, எச்சரிக்கையுமில்லை. தாயார் அருகே வந்து நின்றார், எதுவும் கேட்கவில்லை. படத் தொகுப்பைத் திறந்தோம். திருமணப் படமும், மலையடியிலே நின்ற தந்தையாரும், ஏடு தொடக்கிய தமக்கையும், ஒன்றும் குறையாமல் இருந்தார்கள். செத்தது சிரட்டை, பானையிலே ஒரு கல் உப்பும் குறையவில்லை.

அதன் பின்னர் விலை தணிந்திருந்தபடியால், 240 கிகாபைற்றுச் சேமிப்பகம் ஒன்றை வாங்கி, அன்றாட வேலைகளை முழுவதும் அதற்கு மாற்றினோம். பழைய வன்தட்டு இப்போது படங்களை மட்டும் காக்கிறது. அதற்கும் வயதாகிவிட்டது என்பதை அறிவோம். ஆகையால் எல்லாப் படங்களையும் மேலும் இரண்டு தட்டுகளிலே பிரதி செய்தோம். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைப்பதாக முதலில் பேச்சு வந்தது. தாயார் அதற்குச் சம்மதிக்கவில்லை. கடல் வந்த நாளிலே, அலுமாரியின் மேற்தட்டில் இருந்தது எது, கீழ்த்தட்டில் இருந்தது எது என்று அது பார்க்கவில்லை என்றார். ஒன்று இப்போது கண்டியிலுள்ள உறவினர் வீட்டிலே இருக்கிறது. மற்றையது தொரன்டோவுக்குப் போயிருக்கிறது. அந்தப் படங்கள் எங்கிருந்து எமக்கு வந்தனவோ, அந்த வீட்டுக்கே.